ஜூலை மாதத்துத் தோட்டா

உலோகத்தில் குத்திய எந்த எழுத்தையும் படித்துவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்த முட்டாள் நான். ஓசூரில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. பம்பு மூடியோ பிரேக் டிரம்மோ, திருப்பிப் பார்த்தால் போதும், எந்த உலை, எத்தனையாவது ஹீட், அதாவது எத்தனையாவது முறை உருக்கி ஊற்றியது, எந்த மாதம் என்று ஒப்பித்துவிடுவேன். பழக்கதோஷத்தில் ஒருமுறை குழம்புக் கரண்டியையும் திருப்பிப் பார்த்தேன். குழம்பு சட்டையில் இறங்கியது.

அது ஓர் ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை. செத்துப்போன மிக்சியைப் போட மூக்கண்டப்பள்ளி பழைய இரும்புக்கடைக்குப் போனேன். வாசலில் ஒரு எஸ்.ஐ. நின்றிருந்தார். கடைக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. சூளகிரிப் பக்கம் இடித்த பழைய பங்களாவிலிருந்து வந்த லோடில் ஒரு தகரப்பெட்டி, அதற்குள் பச்சை பூத்த ரைஃபிள் தோட்டாக்கள். போலீசுக்குச் சொன்னதே அவர்தான். புத்தியுள்ளவன் மிக்சியோடு திரும்பியிருப்பான். நான் தலையை நீட்டினேன்.

"எந்த ஊரு சரக்குய்யா இது?" என்றார் எஸ்.ஐ.

"நனகே ஏனூ கொத்தில்லா சார்..." எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். கடைக்காரருக்குப் பயம் வந்தால் கன்னடம்தான் வரும்.

"தமிழ்ல பயப்படுய்யா."

கடைக்காரர் ஒரு தோட்டாவின் அடிப்பக்கத்தைக் காட்டினார். "கே போட்டிருக்குது சார். கேன்னா கர்நாடகா."

எஸ்.ஐ. முகம் மலர்ந்தது. கர்நாடகா என்றால் எல்லையிலுள்ள அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கத்துத் தலைவலி. அதோடு விட்டிருந்தால் மூவரும் டீ குடித்துக் கலைந்திருப்போம்.

"இல்லைங்க சார்" என்றேன். வாங்கி, கட்டைவிரலால் துடைத்தேன். கே, ஓர் அம்பு, எஃப், நாற்பத்துமூன்று, பிறகு ரோமன் எழுத்தில் ஏழு. "கே எஃப்னா கே ஃபர்னஸ், அதாவது கே உலை. நாப்பத்தி மூணாவது ஹீட். அம்புக்குறி, மெட்டல் ஊத்துற திசை. ஏழுன்னா ஏழாம் மாசம். இது போன மாசம் போட்டது சார்."

"போன மாசமா?"

"சந்தேகமே வேண்டாம்."

"பச்சை பூத்துக் கெடக்குதேய்யா?"

"ஆசிட்ல முக்கி ஈரத்துல வெச்சா ஒரே வாரத்துல இப்படி ஆயிடும் சார்."

எஸ்.ஐ. என்னை முதல்முறையாக முழுசாகப் பார்த்தார். "இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும்?"

"எங்க கம்பெனிலயும் இப்படித்தான் சார் குத்துவோம்."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

ஸ்டேஷனில் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு பெஞ்சு. என் செல்போன் எஸ்.ஐ. மேஜைமேல். கிருஷ்ணகிரி ஆயுதப்படையிலிருந்து ஆர்மரர், அதாவது துப்பாக்கி பழுதுபார்க்கிறவர், வந்து சொல்லும்வரை யாரும் நகரக்கூடாது. அவர் சூளகிரி டிராஃபிக்கில் மாட்டியிருக்கிறாராம். நாங்கள் அவரிடம் மாட்டியிருந்தோம். கள்ளத் தோட்டா செய்தவன் என்று ஒரு வரி எழுதினால் போதும், வேலையும் போய் நானும் உள்ளே போவேன்.

"சார், நான் சொன்னது தப்பாவும் இருக்கலாம்" என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"அப்ப சந்தேகமே வேண்டாம்னியே?"

"அது கம்பெனிப் பழக்கம் சார். கஸ்டமர்கிட்ட அப்படித்தான் சொல்லுவோம்."

"ஓ, இதுக்குக் கஸ்டமர் வேறயா?"

கடைக்காரர் பெஞ்சின் கோடிக்கு நகர்ந்தார். "அண்ணா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நம்ம ரெண்டு பேரையும் ஒரே ஆளுங்கன்னு நெனச்சுக்கப் போறாங்க."

செல்போன் அடித்தது. மனைவி. எஸ்.ஐ.யே எடுத்தார். "ஸ்டேஷன்ல இருக்காரும்மா... வருவாரு... எப்பன்னு என்னைக் கேட்டா?" வைத்துவிட்டார். அங்கே என்ன அழுகையோ, என்ன திட்டோ! ஜன்னலுக்கு வெளியே லாரிகள் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தன. கிளீனர்கள்மேல்கூடப் பொறாமையாக இருந்தது.

ஆர்மரர் ஒருவழியாக வந்தார். தோட்டாவை வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடிகூடப் போடவில்லை.

"கிர்க்கி ஃபாக்டரி சார், புனா பக்கம். கேயும் எஃப்பும் அதான். நாப்பத்தி மூணுங்கறது செஞ்ச வருசம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தி மூணு. ஏழுங்கறது ஏழாம் மார்க்கு, தோட்டாவோட மாடல். த்ரீ நாட் த்ரீ. நடுவுல இருக்கற அம்பு வெள்ளைக்கார சர்க்கார் முத்திரை. சண்டை முடிஞ்சு மிலிட்டரி கழிச்ச சாமானோட பங்களாவுக்குப் போயிருக்கும், பங்களாக்காரன் பெட்டியோட மறந்திருப்பான்."

"போன மாசம் இல்லையே?" என்றார் எஸ்.ஐ.

"எந்தப் போன மாசம் சார்?"

கடைக்காரர் பெருமூச்சு விட்டது அடுத்த அறைவரை கேட்டிருக்கும். எஸ்.ஐ. செல்போனை என் பக்கம் தள்ளினார். எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன். அங்கேயிருந்து அப்படியே படியிறங்கியிருக்கலாம்.

திரும்பினேன். "சார், ஒரே ஒரு டவுட்டு. இது ஏழாம் மார்க்குன்னா, அந்த ஆறாம் மார்க்குல என்ன குறை இருந்திருக்கும்?"

எஸ்.ஐ. தலை நிமிரவில்லை.

"போறியா, உக்கார்றியா?"