தொட்டுப் பார்க்கிற வேலை

தியாகராசனுக்குச் சர்க்கரை என்பது நீடாமங்கலத்தில் அவர் டீ குடிக்கிற கடைவரைக்கும் தெரியும். விரல் மரத்துப்போனதுதான் யாருக்கும் தெரியாது. மனைவி கமலாம்பாளுக்கே, அடுப்பிலிருந்து கஞ்சிச் சட்டியை அவர் வெறுங்கையால் இறக்கிவிட்டுச் சாவகாசமாகப் பேசிக்கொண்டு நின்ற அன்றுதான் தெரிந்தது.

"சூடு தெரியலையா உங்களுக்கு?" என்று அலறினாள்.

"லேசாத்தான் இருந்துச்சு," என்றார். சொல்லிவிட்டுச் சட்டியைப் பிடித்த விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தார்.

பார்க்காமல் என்ன செய்வார்? தஞ்சாவூருக்கு வெளியே ஒரு பட்டறையில் சிஎன்சி மில்லிங் மெஷின் ஓட்டுகிறவர் அவர். இரும்புக் கட்டையில் சாய்வு முகம் வெட்டுவதுதான் வேலை. கம்ப்யூட்டர் மெஷின்தானே, பட்டனை அமுக்கினால் தானாக வெட்டிவிடாதா என்று கேட்கிற புத்திசாலிகள் ஒருநாள் வந்து பக்கத்தில் நின்று பார்க்கட்டும். தட்டை முகத்தை ஒரே இழுப்பில் வழித்துவிடலாம். சாய்வென்றால், உருண்டை முனைக் கட்டர் மயிரிழை மயிரிழையாக இறங்கித்தான் வெட்டவேண்டும். ஒவ்வோர் இறக்கத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படி நிற்கும். படி பெரிதாகிவிட்டால், அதன்மேல் சறுக்கவேண்டிய இன்னொரு கட்டை சிக்கிக்கொள்ளும்.

சோதிக்கக் கருவி உண்டு, ஆனால் அது தனி அறையில் இருக்கிறது. கட்டையைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டுத் திரும்ப மாட்டினால் பழைய இடத்தில் அச்சாக உட்காராது. அதனால் கழற்றுவதற்கு முன்பே மெஷினுக்குள் கையை விட்டு, விரல் நுனியால் தடவி, "சரி" என்பார் தியாகராசன். அந்தச் "சரி"க்குத்தான் அவருக்கு அங்கே மரியாதை. குடவாசல் பக்கம் இருந்த நிலத்தை அப்பா காலத்திலேயே விற்றாயிற்று. இந்த மெஷினும் போய்விட்டால், ஐம்பது வயதுக்கு மேல் அவருக்குத் தெரிந்த வேறு வேலை கிடையாது.

விரல் கைவிட்டபிறகு உதட்டுக்கு மாறினார். யாரும் பார்க்காதபோது தலையை மெஷினுக்குள் நீட்டி, சாய்வைத் துடைத்துவிட்டு, கீழுதட்டை அதன்மேல் வைத்து மெல்ல நகர்த்துவார். உதடு பொய் சொல்லவில்லை. சாப்பிடுகிற சோற்றிலெல்லாம் எண்ணெய் வாடை அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பக்கத்து மெஷின் அண்ணாதுரை ஒருதரம் பார்த்துவிட்டான். "என்னண்ணே, இரும்புக்கு முத்தமா? அண்ணி கோச்சுக்கப் போறாங்க," என்று கலாய்த்தான். தியாகராசனும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார்.

ஒருநாள் அவசரத்தில், விளிம்பில் நின்ற பிசிறைக் கவனிக்கவில்லை. உதடு கிழிந்தது. ரத்தத்தைத் துடைத்துவிட்டுத்தான் கட்டையைச் சோதனை அறைக்கு அனுப்பினார். அடிப்பக்கம் வழிந்ததை அவர் பார்க்கவில்லை, அங்கே சோதிக்கிற அனீஸா பார்த்துவிட்டாள்.

அவள் கூச்சல் போடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனபிறகு, அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"உதட்டுல என்னண்ணே?"

"ஷேவ் பண்றப்ப பட்டுருச்சும்மா."

"எங்க அத்தாவுக்கும் சக்கரைதாண்ணே. கால்ல ஆணி குத்துனது தெரியாம வீடுவரைக்கும் நடந்து வந்தாரு." கொஞ்சம் தயங்கினாள். "கைய மேசைமேல வைங்க. கண்ண மூடிக்கங்க. நான் விரலைத் தொடுறப்ப சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டீங்கன்னா நான் யார்கிட்டயும் பேச மாட்டேன்."

மாட்டேனென்று எழுந்து போயிருக்கலாம். போனால் அதுவே பதிலாகிவிடும். வலது கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. தொட்டுவிட்டாளா? தொட்டு எடுத்தே விட்டாளா? இனியும் தாமதித்தால் தோற்றுப்போவோம் என்று பட்டது. திருவாரூரில் இருக்கிற, தன் பெயர்கொண்ட சாமியை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டார்.

"இப்பத் தொடுறே. சுண்டுவிரல்ல," என்றார், குரலில் வீறாப்பை வரவழைத்துக்கொண்டு.

கண்ணைத் திறந்தார். அனீஸாவுக்குக் கண் நிறைந்திருந்தது. இரண்டு கையும் மடியிலேயே இருந்தன. அவள் இன்னும் தொடவே ஆரம்பிக்கவில்லை.