அகல்யாவின் சீனியர்

வேகத்தடை கண்ணில் படுவதற்கு முன்பே சென்னியப்பனின் கால் பிரேக்கைத் தேடிவிடும். லாரி ஊர்ந்து ஏறி ஊர்ந்து இறங்கும். "வாரேன் சாமி, மெல்லமா வாரேன்" என்பார். பின்னால் அட்டை அட்டையாக அடுக்கியிருக்கும் முட்டைகளுக்கு அவர் சொல்லும் சமாதானம் அது. தடையைத் தாண்டியதும் பார்வை சாலையில்தான் இருக்கும், ஆனால் அவர் அங்கே இருக்கமாட்டார். முகம் மெல்ல இளகும். சற்று நேரம் கழித்து, யாரும் கூப்பிடாமலே, "உள்ளேனுங்க ஐயா" என்பார்.

முதல் தடவை அதைக் கேட்டபோது நான்தான் ஏதோ கேட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். சேந்தமங்கலத்தில் எனக்கு உரக்கடை. சேலத்துக்குச் சரக்கு எடுக்கப் போகும் நாட்களில் அவருடைய முட்டை வண்டியில் தொற்றிக்கொள்வது என் வழக்கம். யாருக்குப் பதில் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கிளாசுல பேரு கூப்டாங்க" என்றார். அப்புறம்தான் தன்னிலைக்கு வந்து, கழுத்துத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவருக்கு நாற்பத்துமூன்று வயது. கொல்லிமலை அடிவாரத்தில் கொஞ்சம் மரவள்ளிக் காடு. பன்னிரண்டாவது முடித்த கையோடு லாரியில் கிளீனராக ஏறிவிட்டார். யாரும் படிப்பைத் தடுக்கவில்லை. "ரோட்டப் பாத்தா ஏறிப் போயிரோணும்னு இருக்குமுங்க அப்பொ. படிப்பு எங்க போயிருதுன்னு உட்டுப்போட்டன்" என்பார். ஒல்லியான, உயரமான ஆள். டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு மலைமேல் படியும் மேகத்தைப் பார்க்கத் தொடங்கினால் டீ ஆடைகட்டிவிடும். அந்த ஆடையை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் கடைசிச் சொட்டுவரை குடிப்பார். அவர் மனைவி சௌந்திரம் சொல்வது: "இந்த மனுசன் கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குவாருங்க. லாரிய எப்படித்தான் ஓட்டறாரோ, அந்தக் காளியாத்தாளுக்குத்தான் வெளிச்சம்."

ஆனால் அவர் வண்டியில் உடைசல் குறைவு என்பது கோழிப்பண்ணை வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும்.

சேலம் நடைகளுக்கு நடுவே தூத்துக்குடி லைனும் ஓட்டப் போன பிறகுதான் இந்தக் கனவு பிடித்தது. துறைமுகத்துக்கு வெளியே இருந்த குளிர்கிடங்கில் முட்டையை இறக்கிவிட்டு, வேலிக் கம்பிக்கு இப்பால் நின்று அவர் முதன்முதலாகக் கப்பலைப் பார்த்தார். கிரேன் ஒரு பெட்டியைத் தூக்கி அந்தரத்தில் ஆட்டியபடி கொண்டுபோனது. "அந்தப் பொட்டி எங்கீங்க போகுது?" என்று காவலாளியிடம் கேட்டிருக்கிறார். மஸ்கட் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அவரும் கூடவே போக ஆரம்பித்துவிட்டார்.

"அங்கத்த ஊட்டுல ஒரு அம்மா காத்தால எந்திரிச்சு நம்மூரு முட்டையத் தோசைக்கல்லுல ஒடைச்சு ஊத்துதுங்க. புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போகோணும், அவசரம். நா கரூர்ப் பக்கம் பள்ளம் பாத்துப் பாத்து ஓட்டுனது அதுக்குத் தெரியுமுங்களா?" என்று ஒருநாள் கேட்டார். குறையாகக் கேட்கவில்லை. அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பவர்போல, அந்த அம்மாளின் காதில் விழுந்துவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

நாமக்கல்லில் ஒரு சமுதாயக் கல்லூரி ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகிறது. சரக்குப் போக்குவரத்துப் படிப்பு, டிப்ளமோ. லாரி ஆபீஸ்களில் வேலை பார்க்கும் இளவட்டங்கள் சம்பள உயர்வுக்காகச் சேர்வார்கள். சென்னியப்பன் சுவரில் தொங்கிய உலகப் படத்துக்காகவே சேர்ந்தார் என்று தோன்றுகிறது. இடைவேளையில் மற்றவர்கள் வடை தின்னப் போகும்போது இவர் ஆள்காட்டி விரலைத் தூத்துக்குடியில் வைத்து, இலங்கையைச் சுற்றவிட்டு, மெதுவாக அரபிக்கடலில் நகர்த்திக்கொண்டு நிற்பாராம். டிப்ளமோ கைக்கு வரப்போகும் சமயத்தில், "இதை வைத்துப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம்" என்று வாத்தியார் சொன்னார். அதற்குப் பிறகு அன்றைய வகுப்பில் நடந்த எதுவும் சென்னியப்பன் காதில் விழவில்லை.

திட்டம் அப்போது தொடங்கியது. நாமக்கல் சாலையில் இருக்கும் கலைக் கல்லூரியில் அந்தப் பட்டப்படிப்பு உண்டு. வகுப்புகள் மதியத்தோடு முடிந்துவிடும். காலி வண்டியோடு திரும்பும்போதெல்லாம் கல்லூரிக்கு எதிர்ப்புறப் புளியமரத்தடியில் லாரியை ஓரங்கட்டிவிட்டு, உள்ளே போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்தக் கட்டடம் நிழலாக இருக்கிறது, எந்த ஜன்னலோரம் உட்கார்ந்தால் மலை தெரியும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சௌந்திரத்திடம் சொல்லும்போது, "சேந்துட்டா" என்று சொல்லமாட்டார். "அந்த மூணாவது ஜன்னல்ல மத்தியானத்துக்கு வெய்யில் வந்துருது, கொஞ்சம் தள்ளி உக்காரோணும்" என்பார், ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து எழுந்து வந்தவர்போல.

துறைத் தலைவர் நல்லம்மாளைப் பார்க்கப் போனபோது துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அந்த அம்மாள் டிப்ளமோவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல டிகிரி எதுக்குங்க?" என்று நயமாகத்தான் கேட்டார்.

சென்னியப்பன் கழுத்துத் துண்டை எடுத்துக் கையில் மடித்துக்கொண்டார்.

"துறைமுகத்துக் கேட்டு வரைக்குந்தானுங்க என்னய உடறாங்க. அதுக்கு அக்கட்டால என்ன நடக்குதுன்னு தெரியோணுமுங்க."

"படிச்சா மட்டும் கேட்டுக்குள்ள உட்ருவாங்களா?"

"உடாட்டிப் போகுதுங்க. உள்ள நடக்கறது தெரிஞ்சுபோட்டு வெளியில நிப்பனுங்க."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. முதல் வருடத்து ஆங்கிலத்தையும் கணக்கையும் சேர்த்துப் படித்துத் தேற வேண்டியிருக்கும், சமுதாயக் கல்லூரியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கி வாருங்கள் என்றார். வெளியே வந்ததும் இவர் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார். நான் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தார்.

வண்டி முதலாளி தங்கசாமி கேலிக்காரர். "படிச்சுப்போட்டு எங்க வண்டிய ஓட்டுவியா, கப்பல ஓட்டுவியாப்பா?" என்று கேட்டாலும், மதியத்துக்கு மேல் பக்கத்துப் பண்ணைகளில் முட்டை எடுக்கும் வண்டியை இவருக்கு மாற்றித்தர ஒப்புக்கொண்டார். தூத்துக்குடி லைன் வேறொருவருக்குப் போகும். கடலைப் பற்றிப் படிப்பதற்காகக் கடலைப் பார்ப்பதை விட வேண்டியிருந்தது. "பரவால்லீங்க. அதையத்தான் பாத்து வெச்சிருக்கறனே" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

இத்தனை யோசித்தவர் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. மகள் அகல்யா அந்த வருடம்தான் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். அவளுக்கும் அதே கல்லூரியில் பி.காம். கிடைத்திருந்தது.

சேதியை வீட்டில் சொன்ன சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். பூந்திப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு நேராக இரண்டாம் வருடம் என்றார். அகல்யா வாயில் போட்ட பூந்தியை மெல்லாமல் நிறுத்தினாள்.

"அப்பொ நா பர்ஸ்ட் இயரு, நீங்க செகண்ட் இயருங்களா?"

சௌந்திரம் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பனுக்குத்தான் பயப்படமாட்டீங்கற. இனிச் சீனியருக்காச்சும் பயந்துதானே ஆவோணும்!"

அகல்யா சிரிக்கவில்லை. "வேண்டாமுங்கப்பா" என்றாள். குரல் உடைந்தது. "பள்ளிக்கூடத்துல இத்தன வருசமா முட்டைலாரிக்காரர் புள்ளைன்னுதான் கூப்டாங்க. பேரச் சொன்னா ஆருக்கும் தெரியாது. காலேஜுலயாச்சும் நா அகல்யாவா இருந்துக்கறனுங்கப்பா."

சென்னியப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் பார்வை எங்கும் போகவில்லை, அங்கேயேதான் இருந்தது.

"செரி சாமி" என்றார்.

அதற்கு மேல் அந்த வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. அடுத்த முறை நான் வண்டியில் ஏறியபோது ராசிபுரம் தாண்டும்வரை ஒரு "உள்ளேனுங்க ஐயா"கூட இல்லை. வேகத்தடைகளில் கால் பிரேக்கை அழுத்தியது, அவ்வளவுதான். சேலத்தில் முட்டையை இறக்கியதும், "அஸ்தம்பட்டி வரைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாமுங்களா?" என்றார். அங்கே வேறொரு கல்லூரியில் விசாரித்தோம். டிப்ளமோவை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார்கள். அதற்குக்கூட அவர் தலையாட்டினார். ஆனால் வகுப்புகள் மாலைவரை நடக்கும். அங்கே படித்தால் ஊரில் வண்டி ஓட்ட முடியாது.

"புள்ள படிச்சு முடிக்கட்டுமுங்க" என்றார் திரும்பி வரும்போது. "அப்புறமேட்டு நா போய்க்கறன். கடலு எங்கீங்க போயிரப்போகுது?"

சொல்லிவிட்டு, அவரே அதை நம்புகிறாரா என்று பார்ப்பவர்போலக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

ஊர் வந்ததும் ஒருவாய் காப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்று என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே நுழைந்ததுமே அவர் போனை எடுத்துத் தங்கசாமிக்குப் போட்டார். "தூத்துக்குடி லைனே எனக்கு இருக்கட்டுமுங்க... இல்லீங்க, வெசனமெல்லாம் ஒண்ணுமில்லீங்க... ஆமாங்க, இந்த வருசம் போகலீங்க." சிரித்துக்கொண்டே பேசினார். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அகல்யா, ஒரு ஈரத் தாவணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். தாவணியிலிருந்து அவள் பாதத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே வந்து அவர் முன்னால் நின்றாள்.

"அவருக்கு மறுக்காப் போன் பண்ணுங்கப்பா."

"எதுக்குச் சாமி?"

"பண்ணுங்க. ஆனா பஸ்ஸுல நா முன்னால ஏறிக்குவேன், நீங்க பின்னால ஏறிக்கோணும்."

"செரி."

"காலேஜுக்குள்ள என்னயத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாது. சோறு திங்க ஒட்டுக்கா வந்து உக்காரக் கூடாது."

"செரி சாமி."

"சாமின்னு கூப்டவே கூடாதுங்கப்பா!"

சௌந்திரம் காப்பி டம்ளர்களோடு நிலைப்படியிலேயே நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

கல்லூரி திறந்த அன்றைக்கு, "தொணைக்கு வாங்களேன்" என்று சென்னியப்பன் என்னைக் கூப்பிட்டார். முதல்நாள் பள்ளிக்கூடம் போகிற குழந்தையாட்டம் இருந்தது அவர் முகம். கடையைச் சாத்திவிட்டுப் போனேன். அகல்யா பஸ்ஸின் முன்வாசலில் ஏறினாள். நாங்கள் பின்வாசலில் ஏறினோம். இடம் காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே சோளக்காடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். காற்று வந்து தலைமுடியைக் கலைத்தது. வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து வந்து போனது. அவர் அந்நேரம் எந்தக் கடலில் இருந்தாரோ, நான் கேட்கவில்லை.

கல்லூரி வாசலில் அகல்யா திரும்பிப் பார்க்காமல் பெண்பிள்ளைகள் கூட்டத்தில் கலந்துவிட்டாள். இவர் வராந்தாவில் நடந்தபோது பையன்கள் சிலர் புது ஆசிரியர் என்று நினைத்து எழுந்து வணக்கம் வைத்தார்கள். இவரும் பதறிப்போய்க் கும்பிட்டுவிட்டு, கடைசியில் அவர்கள் வகுப்பிலேயே போய் உட்கார்ந்தார். நான் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் வேப்பமர நிழலில் காத்திருந்தேன்.

இடைவேளை மணி அடித்தது. சென்னியப்பன் வெளியே வந்து என்னைத் தேடினார். அதே நேரத்தில் எதிர்ப் படிக்கட்டில் அகல்யா தோழிகளோடு பேசிக்கொண்டே இறங்கி வந்தாள். அவளைக் கண்டதும் இவர் சட்டென்று அறிவிப்புப் பலகை பக்கம் திரும்பி, முகத்தைப் பலகைக்கு வெகு அருகில் கொண்டுபோய் ஏதோ படிப்பவர்போல நின்றார். பலகையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. விடியற்காலையில் பண்ணையில் ஒரு கை கொடுத்துவிட்டு அப்படியே சட்டை மாற்றி வந்திருப்பார் போலிருக்கிறது. அவருடைய தோளுக்குப் பின்னால், தேய்த்த வெள்ளைச் சட்டையில், பழுப்பு நிறத்தில் ஒரு சின்னக் கோழியிறகு ஒட்டிக்கொண்டு காற்றில் ஆடியது.

தோழிகளில் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். "ஆருடி அது, புது சாரா?"

அகல்யா அவர்களோடு கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு நின்றாள். தனியாகத் திரும்பி வந்தாள். அவர் பலகையை விட்டு முகத்தை எடுக்கவில்லை. வாக்குக் கொடுத்திருந்தாரல்லவா?

"ஆடாம நில்லுங்கப்பா" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு அவர் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சட்டை நூல் இழுபடாமல், அந்த இறகை மெல்ல எடுத்தாள்.