ஒன்பது பேருக்கு ஒரு நடத்தை விதி

சம்பளம் இல்லாமல் திட்டு மட்டும் வாங்குகிற தொழில் எது என்று கேட்டால், அதில் மாட்டிக்கொண்ட சக பாவிகள் எல்லோரும் ‘திறந்த மூல மென்பொருள்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். கடலில் காற்றும் அலையும் எப்படி இருக்கும் என்று மீனவர்களுக்குச் சொல்லும் செயலி ஒன்றை நாங்கள் ஒன்பது பேர் ஓய்வு நேரத்தில் எழுதி வருகிறோம். அதன் நிரல், அதாவது புரோகிராம், பொதுவில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். பார்த்துச் சேர்க்கிற வேலை என்னுடையது.

அந்த ஒன்பதில் ஒருவரான முட்டுக்காட்டு செல்வி திடீரென்று திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். போன் செய்தால் எடுப்பதில்லை. அவர் வீட்டுப் படகு தினமும் கடலுக்குப் போகிறது. செயலி சொன்ன காற்றும் அடித்த காற்றும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்ல எங்களிடம் வேறு ஆள் கிடையாது. மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஃபேன் காற்றுதான். எங்கள் தப்பை நம்பி ஒரு படகு போனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பயமாக இருந்தது. எவனோ அவர் மனம் நோகப் பேசியிருக்கிறான் என்று சந்தேகப்பட்டு, இணையத்தில் கிடைத்த நடத்தை விதிகளை மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டு எடுத்துக் குழுவில் ஒட்டினேன்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை

ஒட்டிய பத்து நிமிடத்தில் நாலு பேர் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். நாலு பேருக்கும் ஒரே கேள்வி: விதி யாருக்காக? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று நாலு பேரையும் மனதில் குறித்துக்கொண்டேன். அதில் முதல் பெயர் பாஸ்கர். கேளம்பாக்கத்தில் இருந்துகொண்டு எங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்பவன். வாயைத் திறந்தால் காது கூசும். நான் ஒட்டியதில் மூன்றாவது விதி ‘கெட்ட வார்த்தை பேசாதே’. அவன் சொன்னது:

“இன்னா மச்சான், மூணாவது விதி என்னியப் பாத்துதான எழுதிகீற? மூஞ்சிக்கு நேரா சொல்லு.”

புகார்க் குழு

விதி வேண்டுமென்றால் புகாரை விசாரிக்க மூன்று பேர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை கேளம்பாக்கத்து டீக்கடையில் கூடினோம். யாரைச் சொன்னாலும் ‘அவரா?’ என்று இன்னொருவர் முகம் சுளித்தார். எல்லோருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம். மூன்று டீ குடித்த பிறகு சிங்கப்பெருமாள் கோயில் ஊரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ராகவன் சார், பாஸ்கர், நான் என்று முடிவாயிற்று. பாஸ்கரை நான்தான் சேர்த்தேன். திருடனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது என்று ஒரு எண்ணம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த டீ மாஸ்டர் கிளாஸை எடுத்துக்கொண்டே கேட்டார்:

“ஒம்போது பேருல மூணு பேரு போலீசுன்னா, மீதி ஆறு பேரும் அக்யூஸ்டா சார்?”

துப்பறிந்தது

பாஸ்கர் குழுவில் எழுதியதையெல்லாம் திருட்டுத்தனமாகப் படித்தேன். கெட்ட வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒன்றுகூட மனிதர்கள் மேல் இல்லை. செல்விக்கு அவன் எழுதியது ‘சூப்பர்மா’ மட்டும்தான். இருந்தும் மனசு கேட்காமல் நேரில் போய் மடக்கினேன். அவன் கோபப்படக்கூட இல்லை.

“நான் மிஷினத்தான் திட்டுவேன் மச்சான். மன்சாளத் திட்ட எனுக்கு ஏது நேரம்?”

முதல் புகார்

விதிகள் அமலுக்கு வந்த அன்றே புகார் வந்தது. அனுப்பியவர் செல்வி. புகார் என் மேல். ‘என் திருத்தத்தையெல்லாம் அண்ணன் என்ன செஞ்சாருன்னு பாருங்க’ என்று ஒரே வரி.

செல்வியின் திருத்தங்களில் விஷயம் சரியாக இருக்கும். நிரல் கொஞ்சம் கோணலாக இருக்கும். திருப்பி அனுப்பி வேலை வைப்பானேன் என்று அதை நானே அழகாக எழுதி என் பெயரில் சேர்த்துவிடுவேன். அவர் அனுப்பியதை ‘ரிஜெக்ட்’ என்று மூடிவிடுவேன். இப்படிப் பதினோரு தடவை. உதவி என்றுதான் நினைத்திருந்தேன், சத்தியமாக. ‘பிறர் உழைப்பை உன் பெயரில் போடாதே’ என்பது நான் ஒட்டிய ஏழாவது விதி. பாஸ்கர் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“குந்து மச்சான். விசாரணைய ஆரம்பிக்கலாம்.”

முட்டுக்காட்டில்

பதினோரு திருத்தத்திலும் செல்வியின் பெயரைப் போட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்க நேரில் போனேன். மீன் கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். பெயர் விட்டுப்போனதற்கு மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பதிலைக் கேட்டதும் எனக்கு அவமானமாக இருந்தது.

“பேரு போனா போவுதுண்ணா. செவப்பு எழுத்துல ரிஜெக்டுனு கீதே, அதப் பாத்துட்டு எங்கப்பா, ‘நமக்குக் கடலு தெரியாதுன்றாங்களாம்மா’ன்னு கேட்டாரு.”

புது ஏற்பாடு

திரும்பி வர அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: காற்று சம்பந்தப்பட்ட எதுவும் அவர் பார்க்காமல் சேரக்கூடாது. குழு ஒப்புக்கொண்டது. அதன்பின் நான் அனுப்பிய முதல் திருத்தம் மறுநாளே திரும்பி வந்தது. நிரலில் ஒரு குறையும் இல்லை. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்:

“அண்ணா, நாளிக்கு அப்பா கூட போட்ல போயி, காத்து எங்கருந்து வருதுன்னு பாத்துட்டு வந்து அனுப்புங்க.”

ஆகவே நண்பர்களே, ஊருக்கு விதி போடுவதில் தப்பில்லை, ஒட்டுவதற்கு முன்னால் நீங்களும் ஒருமுறை படித்துவிட்டால் போதும்.