அழிக்க ஏலாத பெயர்

இன்றைக்கு ஓர்ஸ் ஹில்லில் உள்ள கம்பியூட்டர் கடைக்குப் போனேன். போன மாதம் தவறிப்போன என் மகள் சுதாவின் லப்டொப்பைத் தங்கச்சியின் மகளுக்குக் கொடுக்க, உள்ளே இருப்பதை அழித்துத் தரும்படி கடைப் பையனிடம் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

"தம்பி, பிள்ளை செய்த வேலையெல்லாம் இதோட போயிடுமோ?"

அவன் அதைத் திறந்து பார்த்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினான். "இல்லை அன்ரி. அவ வேலை செய்த கம்பனி, புரோகிராம் எழுதிற ஆக்களுக்குக் கருவி செய்யிறது. தொடங்கின நாளிலிருந்து ஆர் எதை எழுதினதெண்டு இன்டர்நெட்டில பேரோட வச்சிருக்கினம். இஞ்ச பாருங்கோ."

பட்டியலின் தொடக்கத்தில் இரண்டே இரண்டு பெயர்கள். போகப் போக எத்தனையோ பெயர்கள். நடுவில் என் சுதா.

"இப்ப உலகம் முழுக்க இதைப் பாவிக்கினம். ஒருத்தராலும் அழிக்க ஏலாது."

திரையைத் தொட்டபடி நின்றேன்.

குளித்த துவாயைக்கூடக் கொடியில் போடாதவள், அங்கே தான் செய்த ஒவ்வொன்றையும் திகதியோடு ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறாள். கம்பியூட்டர் வேலை செய்யும் பிள்ளைகளே, நீங்களும் இப்படித்தானா?