தண்ணீர் குடிக்காத வெர்லின்

எங்கள் வடக்கு டகோட்டாவில், டிராக்டர் ஏறி நசுங்கிக் கிடக்கும் மனிதனை எப்படியிருக்கிறாய் என்று கேட்டாலும் "பரவாயில்ல" என்றுதான் சொல்வான். விலா எலும்பு வெளியே தெரிந்தால் "கொஞ்சம் பரவாயில்ல" என்பான்.

வெர்லின் ஹாகன் அந்த மரபின் உத்தமர். இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பிள்ளைகளை வண்டியில் தனியே விட்டு ஓட்டுநர் சிறுநீருக்கு ஒதுங்கக் கூடாது. ஒதுங்க ஒரு மரமும் கிடையாது. ஆகவே மாலை வண்டியை நிறுத்தும்வரை தண்ணீரைத் தொடமாட்டார். ஊரே அதை மெச்சியது. நானும்தான்.

நுரையீரலில் கட்டி வந்தது. நான்கு முறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றினால் கட்டி சுருங்கும், அப்புறம் அறுத்து எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர். ஆனால் அந்த மருந்து சிறுநீரகத்தை அரிக்கும். வீட்டில் தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று செவிலி கொலீன் இரண்டு முறை சொன்னாள், தாளிலும் எழுதிக் கொடுத்தாள்.

மாற்று ஓட்டுநர் கிடைக்கவில்லை. பள்ளி நிர்வாகம், உடம்புக்கு முடிந்தால் பாருங்கள் என்று மட்டும் கேட்டது. எங்கள் பக்கம் அதற்குமேல் மிரட்டல் கிடையாது. வெர்லின் மருந்து ஏற்றிய வாரம் வாந்தி எடுத்தார், அடுத்த வாரம் வண்டி எடுத்தார். தண்ணீர் மட்டும் பழைய கணக்குதான்.

தண்ணீர் ஒழுங்காகக் குடிக்கிறாரா என்று கொலீன் தொலைபேசியில் கேட்டாள். "பரவாயில்லம்மா" என்றார். அவளும் இந்த மாவட்டத்தில் பிறந்தவள்தான். இருந்தும் அதைப் பதிலென்று குறித்துக்கொண்டாள்.

மூன்றாவது முறைக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் ஐந்தில் ஒரு பங்குதான் வேலை செய்வது தெரிந்தது. இனி அந்த மருந்து கிடையாது. கட்டி சுருங்காமல் அறுவையும் கிடையாது.

திரும்பும் வழியில் மனைவி ஆர்டிஸ்தான் கார் ஓட்டினாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? அந்த பஸ்ஸ நானே ஓட்டியிருப்பேன்."

"உனக்கு பஸ் லைசென்ஸ் இல்லியே."

"உனக்கு மூளை இல்ல. இருபத்தாறு வருஷம் உன்ன ஓட்ட விட்டாங்கல்ல?"



ஜனவரியில் கால் வீங்கியது, டயாலிசிஸ் தொடங்கினார்கள். சிறுநீர் பிரியாததால் இப்போது தண்ணீருக்கு அளவு. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், அதுவும் ஆர்டிஸ் கோப்பையில் அளந்து கொடுப்பாள். நான் பார்க்கப் போனபோது அவள் அடுக்களையில் இருந்தாள். வெர்லின் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒரு டம்ளர் தண்ணி கொண்டாயேன். தாகம் தாங்கல."

நாற்பது வருடப் பழக்கத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே பொருள். பார்க்கலாம் என்றேன். நான் எழுந்திருக்கவில்லை. ஏப்ரலில், பனியில் உறைந்த மண் இளகியதும் அவரைப் புதைத்தோம்.