நாலு கட்டம் தள்ளி, அஞ்சு கட்டம் மேலே

புது கேலண்டர் தாளில் மை வாசனை எப்படி அடிக்கும் தெரியுமா... பிளஸ் ஒன் ஃபிசிக்ஸ் என்றாலே எனக்கு அந்த வாசனைதான் வரும்.

திருத்தங்கலில் அப்போது பாதி வீட்டுப் புத்தகங்களுக்கு அட்டை, பிரஸ்ஸில் கழித்துப்போட்ட கேலண்டர் தாள்தான். என் பக்கத்து சீட்டு செல்வியின் அக்கா கேலண்டர் கம்பெனியில் இருந்தார். ஒருநாள் அவர் கொண்டுவந்த தாள்களில் தேதியே விழவில்லை. வெறும் கட்டம்.

"ஏடி, கிராஃப் பேப்பர் ஓசியில கெடச்சிருச்சு!" என்று குதித்தாள் செல்வி.

அந்த வாரம் வேகம்-நேரம் கிராஃப் வரைந்து முடுக்கம் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில் இன்ஜின் பக்கத்து சீட்டைப் பிடித்தோம். அவள் ஸ்பீடோமீட்டரைப் பார்த்துச் சொல்ல, நான் செகண்ட் எண்ணினேன்.

"என்னத்தா, ஆர்டிஓ ஆபீஸ்ல இருந்தா வந்திருக்கீக?" என்றார் டிரைவர்.

இருபது செகண்டில் முப்பத்தாறு கிலோமீட்டர் வேகம். அதாவது செகண்டுக்குப் பத்து மீட்டர். குறுக்கே ஒரு கட்டம் அஞ்சு செகண்ட், மேலே ஒரு கட்டம் செகண்டுக்கு ரெண்டு மீட்டர். கோடு நாலு கட்டம் தள்ளி, அஞ்சு கட்டம் ஏறி நின்றது.

செல்விக்குப் பள்ளிக்கூடத்தில் அதுதான் கடைசி வாரம். கேலண்டர் சீசன்... திங்கட்கிழமையிலிருந்து அக்காவோடு கம்பெனிக்குப் போக வேண்டும்.

"போறதுக்குள்ள ஒரு கணக்காச்சும் சரியா போட்டு கையெழுத்து வாங்கிரணும்டி."

கெடுத்தது நான்தான். பெரிய மேதாவி மாதிரி கட்டத்தைக் கட்டத்தால் வகுத்து, ஒன்றே கால் என்று அவள் தாளில் எழுதிவிட்டேன்.

"ஒன்னே காலா? நீங்க வந்தது பஸ்ஸா, புதுப்பட்டி பட்டாசு ராக்கெட்டா?" என்று டீச்சர் கேட்க, வகுப்பே சிரித்தது. செல்வி சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அதே பஸ்ஸில், என்னைத் தொடவிடாமல் அவளே போட்டாள். கட்டத்தை விட்டுவிட்டு அளவைப் பார்த்தாள். பத்தை இருபதால் வகுத்தால் அரை. அவ்வளவுதான்.

டீச்சர் கையெழுத்து போட்டதும் தாளை மடித்து என்னிடம் நீட்டினாள். "நீயே வச்சுக்கடி. அங்கன எனக்கு இதுமாதிரி தாளு கட்டுக்கட்டா கெடக்கும்."

திங்கட்கிழமை, பழக்கதோஷத்தில் பஸ்ஸில் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்தேன்.

இப்போது ஆபீஸில் ஒரு க்ளிக்கில் கிராஃப் கோட்டின் சாய்வு வந்துவிடுகிறது. அந்தத் தாள் என் சர்டிஃபிகேட் ஃபைலில் இருக்கிறது. செல்விதான் எங்கே என்று தெரியவில்லை. கல்யாணமாகி காரியாபட்டிப் பக்கம் போனதாகக் கேள்வி.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, பஸ்ஸில் அதே சீட்டு கிடைத்தது. வண்டி கிளம்பியதும் என்னையறியாமல் எண்ண ஆரம்பித்தேன்.

இருபது வரைக்கும் எண்ணினேன்... வேகம் சொல்ல ஆளில்லை.