வருஷத்தில் ஒரு நாள் திறக்கும் காடு

கூடலூருக்கு மேற்கே, மலை உச்சியில் இருக்கும் மங்கலதேவி கோயிலுக்கு வருஷத்தில் ஒரே நாள்தான் போகலாம். சித்ரா பௌர்ணமி அன்று காலையில் காட்டைத் திறப்பார்கள். வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரையும் இறக்கிவிட்டு மூடிவிடுவார்கள். புலிகளுக்கென்று ஒதுக்கிய காடு அது. மற்ற நாளில் உள்ளே கால் வைத்தால் கேஸ்தான். கம்பம் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் அது திருவிழா நாள். எங்கள் வீட்டுக்கு மட்டும் அது வேறு மாதிரி ஆகிப்போனது.

என் அக்காவின் புருஷன் அந்த மலையில்தான் காணாமல் போனார். தொண்ணூறுகளின் கடைசி. சாமி கும்பிட்டுவிட்டு நானும் அக்காவும் மச்சானும் இறங்கிக்கொண்டிருந்தோம். மூடுபனி கவிந்தது. "நீங்க முன்னால போங்க, ஒன்னுக்குப் போயிட்டு வாரேன்" என்று மச்சான் புல்வெளிப் பக்கம் ஒதுங்கினார். அவ்வளவுதான். காட்டிலாகாக்காரர்கள் சில நாள் தேடினார்கள். செருப்புகூடக் கிடைக்கவில்லை. நாங்களே போய்த் தேடுகிறோம் என்று கேட்டதற்கு, "சட்டம் இடம் கொடுக்காது, அடுத்த சித்திரைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னவரை நான் அடித்திருப்பேன். அக்காதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அந்த ஒரு வருஷமும் ஊர் அவளைப் பாடாய்ப் படுத்தியது. மச்சானின் அண்ணன்மார் காரியத்தைச் செய்துவிடலாம் என்றார்கள். "அவுக இல்லைன்னு எனக்குத் தெரியணும். தெரியாம தாலியை இறக்க மாட்டேன்" என்று அக்கா ஒரே பிடியாக நின்றாள். பொட்டு வைத்துக்கொண்டு விசேஷ வீட்டுக்குப் போனால் ஒரு பேச்சு, போகாவிட்டால் ஒரு பேச்சு. தான் புருஷன் உள்ளவளா இல்லாதவளா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ள அந்த ஒரு நாளை விட்டால் அவளுக்கு வழியும் இல்லை.

மறு சித்திரையில் நானும் அவளும் அடிவாரத்துப் பளியங்குடியிலிருந்து ஏறினோம். நல்ல வெயில். கைக்குழந்தையோடும் தூக்குவாளியோடும் சனம் சாரிசாரியாய் ஏறிக்கொண்டிருந்தது. மரங்கள் முடிந்து இடுப்புயரப் புல் தொடங்கியதும் அக்கா கூப்பிட ஆரம்பித்தாள்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வார்கள். அக்காவும் "என்னங்க... ஏங்க..." என்றுதான் கூப்பிட்டாள். கூட்டத்தில் நாலைந்து ஆம்பளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் "என்னடி?" என்றே கேட்டுவிட்டார். அவர் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்த அவர் பெண்டாட்டி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேரைச் சொல்லிக் கூப்பிடேன்க்கா, காட்டுக்குள்ள என்ன மரியாதை வேண்டிக்கெடக்கு?" என்றேன்.

"போடா, எனக்கு வாய் வருமா?" என்றாள்.

கோயில் என்றால் கோபுரமெல்லாம் கிடையாது. கூரை விழுந்த கற்கட்டிடங்கள், சுற்றிலும் புல், அதற்கப்பால் கிடுகிடு பள்ளம். அந்த அம்மனும் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இந்த மலைக்கு வந்தவள் என்பார்கள். பெண்களுக்கு வளையலும் குங்குமமும் மஞ்சள் கயிறும் கொடுத்தார்கள். அக்காவும் முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாள். அந்தக் கயிற்றைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மதியம் தாண்டியதும் காட்டிலாகா கார்டுகள் விசில் ஊதத் தொடங்கினார்கள். "மதி, மதி, வேகம் இறங்கிக்கோ" என்று, போதும் கிளம்புங்கள் என்கிற மாதிரி, ஒரு மலையாளத்துக்காரர் கையை ஆட்டி விரட்டினார். நாங்கள் வேண்டுமென்றே பின்தங்கினோம். மச்சான் ஒதுங்கிய இடத்துக்கு வந்தபோது முன்னால் போன கூட்டத்தின் சத்தம் அடங்கியிருந்தது. பனி இறங்கியது. ஒரு எட்டு தள்ளி நின்ற அக்காவின் சேலை நிறம்கூடத் தெரியவில்லை.

"என்னங்க" என்றாள் அக்கா.

"இந்தா வாரேன்."

பின்கட்டில் கை கழுவிக்கொண்டே பதில் சொல்வது போல, சாதாரணமான குரல். மச்சான் குரலா என்றால் ஆமென்றும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும் சொல்ல முடியவில்லை. அக்கா பாய்ந்தாள். நான் அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டு, "யாரு அங்கன?" என்று கத்தினேன். பதில் இல்லை.

"ஏங்க" என்று மறுபடி கூப்பிட்டாள்.

"வாரேன், இந்தா வாரேன்."

இந்த முறை இடது பக்கமிருந்து, இன்னும் கிட்டத்தில் கேட்டது. அந்தப் புல்லுக்குள் ஒரு ஆள் நடந்தால் சரசரவென்று கேட்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. "பின்தங்கின எவனோ அவன் பொண்டாட்டிக்குப் பதில் சொல்றான்க்கா, வா போவோம்" என்றேன்.

"எந்தப் பொண்டாட்டி? என் குரல் மட்டுந்தானடா கேக்குது?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து மச்சானின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் வாயிலிருந்து அந்தப் பேரை நான் கேட்டதே இல்லை. வேறு யாருடைய பேரோ போல இருந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். கடைசியில் சண்டைக்கு இழுப்பது போல, அடா போட்டுக் கூப்பிட்டாள்.

பனிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அக்கா என் கையை உதறிவிட்டு இறங்கத் தொடங்கினாள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

"நான் பேரைச் சொன்னா அவுகளுக்குப் பொறுக்காது. இருந்திருந்தா வஞ்சாவது ஒரு வார்த்த பேசியிருப்பாக" என்றாள். "அவுக இல்லைடா. காரியத்துக்கு நாள் பாக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு, அந்த வருஷம் முழுக்க அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதாள். நானும் அழுதேன்.

"இந்தா வாரேன்" என்று பின்னால் கேட்டது. யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. எனக்குத்தான் கால் நின்றது. அக்கா திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.